ஒன்பது சட்டைக்கும் ஒரே கழுத்து

அவளுக்குக் கடையில் வைத்த பெயர் ஏனக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கிறது. அது ஏதோ அரசாங்கக் காகிதத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கட்டும், நமக்கு வேண்டாம். பேச வந்த நாளிலிருந்து அவள் வாயில் அதிகம் புழங்கிய சொல் 'ஏன்'தான். வானம் ஏன் நீலம் என்று கேட்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. பத்து வயதானால் அந்த நோய் போய்விடும். இவளுக்கு நாற்பதாகியும் போகவில்லை.

பத்தொன்பது வயதில் பொத்தான் தைக்க வந்தவள். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, மாடியில், ரெண்டு ஜன்னல், நாலு தையல் மிஷின், ஒரு நீள மேஜை. அவ்வளவுதான் கடை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே மிஷின் சத்தம், நடுவில் இவளுடைய 'ஏன்'. ஒரே அளவில் வெட்டின ரெண்டு சட்டை, ரெண்டு பேர் போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்திக்குக் கழுத்து பூசினமாதிரி உட்கார்ந்திருக்கிறது. இன்னொருத்திக்கு வாய் பிளந்துகொண்டு நிற்கிறது. ஏன்? கட்டிங் மாஸ்டரிடம் கேட்டாள். "அது அந்தம்மா உடம்பு வாகு" என்றார் மாஸ்டர்.

இந்தப் பதில் அவளுக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தைக்கத் தெரியாதவனுக்கு உடம்பு கோணல். அவ்வளவுதானே?

மாஸ்டர் நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். கத்தரி அவர் கையில் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். ஆனால் எந்தக் குறை வந்தாலும் அவரிடம் இருந்தது ஒரே மருந்து. "அரை இஞ்சு ஏத்திட்டா சரியாயிடும்." கழுத்து அகலமா? அரை இஞ்சு. கழுத்து இறுக்கமா? அரை இஞ்சு இறக்கு. அதனால் அவருக்குப் பெயர் அரை இஞ்சு மாஸ்டர். நேரில் சொன்னால் கத்தரி பறக்கும் என்பதால் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் மட்டும் சொன்னார்கள்.

ஏனக்கா பொத்தானிலிருந்து கைத்தையல், கைத்தையலிலிருந்து மிஷின், அங்கிருந்து பழுப்புக் காகிதத்தில் அளவு வரைந்து வெட்டுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். வருகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காகிதம். முன் பாகம், பின் பாகம், கை. சுவரில் வரிசையாக ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பாள். காகிதத்தின் மூலையில் பெயர் எழுத மாட்டாள். ஒருமுறை ஒரே பெயரில் மூணு பேர் வந்து, ஒருத்தி சட்டை இன்னொருத்திக்குப் போய், பெரிய ரகளையாகிவிட்டது. அதிலிருந்து அவள் எழுதுவது இப்படி: 'பேங்க் அம்மா, வலது தோள் தாழ்வு.' 'சிரிச்சா தோள் தூக்குறவங்க.' 'பிள்ளையை இடுப்பில வச்சே வர்றவங்க.' 'கழுத்து முன்னாடி போகும், தேதி கேட்டா சண்டை போடும்.'

கழுத்துதான் அவளுக்கு எல்லாம். "சட்டை தொங்குறது தோள்ல. கழுத்து சரியா உக்காந்துட்டா மத்ததெல்லாம் ஜன்னல் திரை மாதிரி, தானா விழும்" என்பாள். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. ஒருநாள் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் பின்கழுத்தில் துணி தபால்பெட்டி வாய் மாதிரி திறந்து நின்றது. ரெண்டு விரல் போகுமா, மூணு விரல் போகுமா என்று இவளுக்குச் சந்தேகம். பார்த்தாள், பார்த்தாள், அடக்கிப் பார்த்தாள், கடைசியில் நுழைத்தே பார்த்துவிட்டாள். அந்தப் பெண் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"ரெண்டரை விரல்" என்றாள் வீட்டுக்கு வந்து, புருஷனிடம்.

"உன்னைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு" என்றார் அவர். ஆனாலும் சிரித்தார்.

இவள் வாழ்க்கையில் பதினாறு வருஷமாகப் பதில் கிடைக்காத 'ஏன்' ஒன்று இருந்தது. அது நாத்தனாருடைய கழுத்து.

நாத்தனார், இவள் புருஷனுக்கு மூத்த அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தனியாக ரெண்டு அறை வீட்டில் இருப்பவள். நிமிர்ந்த நடை, கறாரான பேச்சு, வகுப்புக்குள் நுழைந்தால் மேஜை நாற்காலிகூட ஆடாது என்பார்கள். இவ்வளவு இருந்தும் இடது கை மட்டும் எப்போதும் கழுத்தில் இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சட்டையின் கழுத்து விளிம்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும். நடக்கும்போது, பேசும்போது, சாப்பிடும்போதுகூட. புது மருமகளாக வந்த ரெண்டாம் நாளே இவள் கேட்டுவிட்டாள். "அக்கா, ஏன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க?"

வீடே நிறைய ஆட்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் முகம் சுருங்கிப்போயிற்று. அன்றைக்கு விழுந்த விரிசல்தான். பேசாமல் இல்லை, பேசுவாள், "வா", "சாப்டியா", "போறேன்" என்கிற அளவுக்கு. சட்டையை மட்டும் ஊரிலுள்ள அத்தனை டெய்லரிடமும் கொடுப்பாள், தம்பி பெண்டாட்டியிடம் கொடுக்க மாட்டாள். "அவகிட்ட குடுத்தா என் இடுப்பளவு சாப்பாட்டு மேஜைக்கு வந்துடும்" என்று தம்பியிடமே சொன்னாளாம். தம்பி அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தார். ஆம்பிளைகளுக்கு எதை எங்கே சொல்லக்கூடாது என்று யார் சொல்லிக் கொடுப்பது?

ஒரு வாரக் கடைசியில் அவர் இன்னொரு சேதியும் கொண்டுவந்தார். அக்காவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தலைமை ஆசிரியை வேலைக்கு நேர்காணல் போய் வந்தாள், கிடைக்கவில்லை.

"ஏன்?"

"பாடம் நடத்திக் காட்டச் சொன்னாங்களாம். வட்டம். போர்டுல வட்டம் போடணும். அக்கா போட்டது கோழிமுட்டை. உக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தர் சிரிச்சிட்டாராம்."

"இருபத்திரண்டு வருஷமா கணக்கு நடத்தறவங்களுக்கு வட்டம் வராதா? ஏன்?"

"போர்டுக்குன்னு ஒரு பெரிய மரக் காம்பஸ் இருக்குமே, அதை ரெண்டு கையால பிடிக்கணும். ஒரு கை முள்ளை அழுத்தணும், ஒரு கை சாக்பீஸைச் சுத்தணும். வகுப்புல யாராவது ஒரு பொண்ணைக் கூப்பிட்டு முள்ளைப் பிடிச்சுக்கச் சொல்லுவா. அங்க யாரைக் கூப்பிடறது? ஒத்தைக் கையால போட்டிருக்கா."

ஏனக்கா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். இன்னொரு கை எங்கே இருந்தது என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? கழுத்தில்தான்.

"இன்னொரு தடவை கூப்பிட்டிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை. அதுதான் கடைசி. அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிடும்" என்றார் புருஷன்.

சனிக்கிழமை மத்தியானம் நாத்தனாரே கடை மாடியேறி வந்தாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. இவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே மாஸ்டரிடம் போனாள். பையிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "அளவுச் சட்டை. இதே மாதிரி ஒண்ணு தைக்கணும். புதன்கிழமைக்குள்ள வேணும். கழுத்து மட்டும் கொஞ்சம் விலகும், பாத்துக்குங்க."

மாஸ்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "அரை இஞ்சு ஏத்திட்டா சரியாயிடும்மா."

"ஏழு டெய்லர் அரை அரையா ஏத்தியாச்சு. தொண்டையை இறுக்குது, பாடம் நடத்த முடியல. இறுக்கிக்கிட்டே பக்கத்துல விலகவும் செய்யுது. இன்னும் ஏத்தினா மூக்கை மூடிடும்."

மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அந்தக் கடையில் மாஸ்டரை எதிர்த்து யாரும் அவ்வளவு நீளம் பேசினதில்லை.

"ஊசி குத்திப் பாத்தீங்களாக்கா?" என்றாள் ஏனக்கா, மெதுவாக.

"குத்தினேன். வகுப்புல கழண்டு என்னையே குத்திடுச்சு."

"மேல ஒரு துணி போட்டுக்கிட்டா?"

"அதைப் பிடிக்க ஒரு கை வேணும்."

ஏனக்கா அந்தச் சட்டையைக் கையில் எடுத்தாள். கழுத்தின் இடது பக்கம், விளிம்பில், ரெண்டு விரல் அகலத்துக்குத் துணி நைந்து நூல் தெரிந்தது. தைத்தவன் குறையல்ல, பிடித்தே தேய்ந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சை என்னவோ செய்தது. கூடவே குறுகுறுப்பும் பிடித்துக்கொண்டது. அவளால் ரெண்டையும் பிரிக்க முடியாது.

"இந்தச் சட்டைக்கு அளவு எது கொடுத்தீங்க?"

"இதுக்கு முந்தின சட்டை."

"அதுக்கு?"

"அதுக்கு முந்தினது. இது என்ன கேள்வி? எல்லாரும் அப்படித்தானே குடுப்பாங்க?"

"எல்லாம் இருக்காக்கா?"

"நான் எதையும் தூக்கிப் போடறதில்லை" என்றாள் நாத்தனார். அது குத்தலா என்று ஏனக்காவுக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கையில் இஞ்சு டேப்போடு நாத்தனார் வீட்டுக்குப் போய் நின்றாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்பது சட்டை வெளியே வந்தது. திருத்தின நோட்டுக் கட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினாள் ஏனக்கா. இடுப்பு ஒவ்வொன்றிலும் மாறியிருந்தது. ஒரு வருஷம் மெலிவு, ஒரு வருஷம் சதை. நீளம் மாறியிருந்தது. கை ஒன்றில் குட்டை, ஒன்றில் நீளம். முன்கழுத்தின் ஆழம்கூட அரை அரை இஞ்சாக மேலே ஏறியிருந்தது. கழுத்தின் அகலம் மட்டும், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு, ஒன்பதிலும் ஒரு நூல் மாறவில்லை. இடுப்பு இறுக்கினால் டெய்லரிடம் சொல்வோம், கை குட்டையென்றால் சொல்வோம். கழுத்து விலகுகிறது என்றால் எல்லா டெய்லரும் ஆழத்தைத்தான் தொடுவான். அகலத்தை அளவுச் சட்டையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வான். இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் அடித்த காப்பி.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது ஒரு நீலச் சட்டை. வெள்ளைப் பொத்தான். வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ரெண்டு விலாவிலும் ஒரு கை அகலத்துக்குத் துணி உள்ளே மடங்கி, வேறு நூலில், கையால் தைத்திருந்தது. பெரிய பெரிய தையல்.

"அக்கா, இது யாருக்குத் தச்சது?"

"எனக்குத்தான்."

"உங்களுக்குத் தச்சிருந்தா உள்ள இவ்வளவு துணி ஏன்? அகலமா இருந்ததைப் பிடிச்சுத் தச்சிருக்கு. தோள் ஓரத்தையும் உள்ள தள்ளியிருக்கு. கழுத்தை மட்டும் தொடல. கழுத்தை அப்படிச் சுலபமா பிடிக்க முடியாது. இது வேற யாரோ ஒருத்தங்க கழுத்து. நல்லா அகலமா, நேரா தோள் இருந்தவங்க."

நாத்தனார் அந்தச் சட்டையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அம்மாவோடது" என்றாள். "முதல் நாள் வேலைக்குப் போக எனக்கு ஒரு சட்டை கிடையாது. அம்மாகிட்ட இருந்த நல்ல சட்டை இது ஒண்ணுதான். தன் கையால பிடிச்சுத் தச்சுக் குடுத்தா. அப்புறம் அவ இருந்ததே மூணு வருஷம். நீ அவளைப் பாத்ததுகூட இல்ல. பாக்காதவ செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டியா?"

"குத்தம் சொல்லலக்கா, ஏன்னுதான்..."

"போதும். உன் ஏனையெல்லாம் உன் வீட்டுல வச்சுக்கோ."

ஏனக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் தன் வாயையே திட்டிக்கொண்டாள். பதினாறு வருஷத்து விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டது, சரி. கிடைத்து என்ன பிரயோஜனம்? நாக்கு ஒன்று போதும், ஊரையே பகைத்துக்கொள்ள. வியாழக்கிழமை அந்தப் பொம்பிளை மறுபடியும் ஒத்தைக் கையோடு போர்டு முன்னால் நிற்கப்போகிறாள், மறுபடியும் கோழிமுட்டை போடப்போகிறாள், தன்னால்தான் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நாத்தனார் படியேறி வந்தாள். பள்ளிக்கூடம் போகிற உடுப்பு, தோளில் பை, கழுத்தில் இடது கை. இந்தத் தடவை மாஸ்டரைப் பார்க்கவில்லை. நேரே இவள் மேஜைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து பூரா யோசிச்சேன்" என்றாள். "அம்மா அன்னைக்குக் காலைல அதை எனக்குப் போட்டுவிட்டுத் தள்ளி நின்னு பாத்தா. கழுத்து விலகுதுன்னு அவளே சொன்னா. பிரிச்சுத் தைக்க நேரமில்ல. 'இன்னைக்கு ஒருநாள் கையால பிடிச்சுக்கடி, சம்பளம் வந்ததும் உன் அளவுக்கு ஒண்ணு தச்சுக்கலாம்'னா. நான் மறந்தே போயிட்டேன்டி."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒருநாளைக்குத்தான் சொன்னா" என்றாள் நாத்தனார் மறுபடியும். "எழுந்திருக்கட்டுமா? அளவு எடு."

எடுத்தாள். தோள் சரிவு, கழுத்து அடியில் அகலம், காறை எலும்பின் குழி, அங்கிருந்து மார்பு. நாத்தனாருக்குத் தோள் சரிந்து இறங்கியது, கழுத்து ஒல்லி, எலும்புக்குக் கீழே நல்ல பள்ளம். அம்மாவின் அகலமான கழுத்துத் துணி அந்தப் பள்ளத்தின்மேல் எதைப் பிடித்து நிற்கும்? நாத்தனார் பள்ளிக்கூடம் போனதும் ஏனக்கா பழுப்புக் காகிதத்தை விரித்தாள். பழைய சட்டையை அப்படியே அச்சு எடுத்து, அதன்மேல் புது அளவைச் சிவப்புப் பென்சிலில் வரைந்தாள். தோளும் கழுத்தும் சேருகிற முனை ரெண்டு பக்கமும் முக்கால் இஞ்சு உள்ளே வந்தது. அப்படியும் முன்கழுத்து விளிம்பில் துணி மிச்சம். விளிம்பிலிருந்து மார்பை நோக்கி ஒரு வெட்டு வெட்டி, வெட்டின ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி ஒட்டினாள். காகிதம் கூடாரம் மாதிரி எழும்பிக்கொண்டது. அக்குளுக்குக் கீழே இன்னொரு வெட்டு வெட்டினதும் படிந்துவிட்டது. கழுத்தில் மூடினது விலாவில் திறந்துகொண்டது. திறந்ததை ஒரு சின்ன மடிப்பாகத் தைத்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

"அரை இஞ்சு ஏத்த வேண்டாமா?" என்றார் மாஸ்டர், எட்டிப் பார்த்து.

"ஏத்தினதை இறக்கியிருக்கேன் மாஸ்டர். ஒண்ணரை இஞ்சு."

"நீ சொன்னா சரி" என்றார். இருபத்தோரு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதை அங்கே யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் பழைய படுக்கை விரிப்பில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, நாத்தனாருக்குப் போட்டுப் பார்த்தாள். கழுத்து பூசினமாதிரி உட்கார்ந்தது. மிஷின்காரப் பெண்கள் கைதட்டினார்கள். நாத்தனார் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இடது கையை மெல்லக் கீழே இறக்கினாள். ஏனக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்போ ரெண்டு கையையும் தூக்குங்க. போர்டுல எழுதற மாதிரி."

தூக்கினாள். அவ்வளவுதான். சட்டை மொத்தமும் கையோடு மேலே ஏறி, கழுத்து 'ஆ'வென்று வாயைத் திறந்தது. அதுவும் இடது பக்கம் அதிகமாக. நாத்தனாரின் இடது கை சட்டென்று பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"விடு" என்றாள் நாத்தனார். "நாய் வாலை நிமித்த முடியுமா? என் உடம்பு இப்படித்தான்."

"உடம்பு சரியாத்தான் இருக்கு. இன்னும் எனக்குத்தான் புரியல. கொஞ்சம் இருங்கக்கா." ஏனக்கா அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பின்னால் நின்று ரெண்டு தோளிலும் விரல் வைத்துப் பார்த்தாள். இடது தோள் ஒரு விரல்கடை உயரம். முன்னால் வளைந்தும் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். எல்லா டெய்லரும் செய்கிற தப்பை இவளும் செய்திருந்தாள். வலது பக்கம் மட்டும் அளந்து, துணியை ரெண்டாக மடித்து, ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். "மனுஷங்க உடம்பு என்ன, மடிச்சு வெட்டினதா?" என்று சத்தமாகவே சொன்னாள். "இந்தத் தோள் அம்மா குடுத்ததில்லக்கா. நீங்களே பிடிச்சுப் பிடிச்சு வளத்தது."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்து ஏனக்கா பார்த்ததேயில்லை. சிரித்தால் அந்த இடது தோள் இன்னும் கொஞ்சம் ஏறியது. அதையும் குறித்துக்கொண்டாள்.

புதன்கிழமை இடதுக்கு ஒரு காகிதம், வலதுக்கு ஒரு காகிதம். அக்குளை ஒரு இஞ்சு மேலே ஏற்றினாள். அப்போதுதான் கை மட்டும் எழும்பும், சட்டையை இழுத்துக்கொண்டு போகாது. மறுபடியும் விரிப்புத் துணியில் தைத்து, நாத்தனார் கையில் ஒரு நூலையும் பச்சைச் சாக்பீஸையும் கொடுத்தாள். "அந்தச் சுவத்துல ஒரு வட்டம் போடுங்க." மாஸ்டர் போன மாதம்தான் சுண்ணாம்பு அடித்த சுவர். வாயைத் திறக்கப்போனவர் மூடிக்கொண்டார். நாத்தனார் இடது கையால் நூலின் முனையைச் சுவரில் அழுத்தி, வலது கையால் இழுத்துச் சுற்றினாள். பச்சை நிறத்தில், ஒரு முழ அகலத்தில், முழு வட்டம். கழுத்து அசையவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கருநீலத் துணியில் வெட்டி ஏனக்காவே தைத்தாள். மிஷின்காரப் பெண்கள் கேட்டும் யாரையும் தொடவிடவில்லை.

வியாழக்கிழமை நேர்காணல் பத்து மணிக்கு. பத்து மணிக்கு ஏனக்கா ஒரு சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். பதினொன்றுக்கு விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாள். பன்னிரண்டுக்கு மாஸ்டர், "நீ தள்ளி உக்காரு தாயி, கடை மிஞ்சட்டும்" என்றார். துணி நழுவியிருக்குமோ? பழக்கதோஷத்தில் கை தானாகப் போயிருக்குமோ? சட்டை சரியானால் போதுமா, இருபத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் இருந்த கைக்கு யார் சொல்வது?

நாலு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் வந்து வாசலில் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணக்கு டீச்சர் முகம், பரீட்சைப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் மதிப்பெண் தெரியாது. மிஷின்கள் நின்றன. எல்லோரும் ஏனக்காவைப் பார்த்தார்கள். கேளேன், உன் தொழிலே அதுதானே, என்கிற மாதிரி. ஏனக்காவுக்குக் கேட்கப் பயமாக இருந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் வந்தது அதுதான் முதல்.

அதனால் கேட்காமல் பார்த்தாள். நாத்தனாரின் வலது கையில் சாக்பீஸ் பொடி. அது எப்போதும் இருப்பதுதான். இடது கையிலும் இருந்தது. உள்ளங்கையெல்லாம், விரலிடுக்கெல்லாம் வெள்ளை. ஏனக்கா எழுந்து கிட்டே போய், கருநீலச் சட்டையின் கழுத்தைக் குனிந்து பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், விளிம்பை விரலால் திருப்பி உள்ளேயும் பார்த்தாள். ஒரு பொட்டுப் பொடி இல்லை.

"என்னடி தேடற?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்லக்கா."

"ரெண்டரை மணிக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. மூணு வட்டம் போடச் சொன்னாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு. போன தடவை சிரிச்சாரே, அவரு எழுந்து வந்து பக்கத்துல நின்னு பாத்தாரு." அதற்குமேல் அவளால் கறாராக இருக்க முடியவில்லை. "திங்கட்கிழமை பொறுப்பு எடுத்துக்கச் சொல்லிட்டாங்கடி."

மிஷின்காரப் பெண்கள் போட்ட சத்தத்தில் கீழே சைக்கிள் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே ஓடிவந்தார். மாஸ்டர் மூக்கைச் சிந்தினார். நாத்தனார் தம்பி பெண்டாட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டாள், ரெண்டு கையாலும். பதினாறு வருஷத்தில் அவள் ஒருத்தரையும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. எப்படிக் கட்டிக்கொள்வாள், ஒரு கைதானே சும்மா இருந்தது?

எல்லோரும் போனபிறகு ஏனக்கா நாத்தனாருடைய காகிதங்களை ஆணியில் மாட்டினாள். மூலையில் 'நாத்தனார்' என்று எழுதப்போனவள் நிறுத்தி, 'வட்டம் போடறவங்க, சிரிச்சா இடது தோள் ஏறும்' என்று எழுதினாள். அன்றைக்கு அவள் போட்டிருந்த வெளிர் மஞ்சள் சட்டையின் முதுகில் ரெண்டு வெள்ளைக் கை பதிந்திருந்தது. வீட்டுக்குப் போய் புருஷன் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். ரெண்டு நாள் அதைத் துவைக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டதற்கு இவளால் பதில் சொல்ல முடியவில்லை.